வெற்றிடம் சுழியன்று

நம் சங்க மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று மலராசிரியர் கேட்டார். "கணிப்பொறியில் கணக்குப் பார்க்கும்போது நம்மவர் அடிக்கடி செய்யும் பிழைகளைப் பற்றி எழுதுங்கள். பொருளியல் பயில்பவர்க்கும் விளங்க வேண்டும், உயிரியல் பயில்பவர்க்கும் விளங்க வேண்டும்" என்றார். நான் உடனே ஒப்புக்கொண்டேன். பிறர் செய்த பிழைகளைத் தேடிக்கொண்டு நான் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. என் கையால் செய்த பிழை ஒன்றே இந்தக் கட்டுரைக்குப் போதும். அதனை முதலில் சொல்லிவிடுகிறேன். அதிலிருந்து கற்றவற்றைப் பின்னர்ச் சொல்கிறேன்.

நடந்தது

ஆண்டுதோறும் டிசம்பர் விடுமுறைக்கு முன் நம் சங்கம் சிறு நிதி ஒன்று திரட்டுவதை நீங்கள் அறிவீர்கள். ஊருக்குச் செல்லும் வழிச்செலவுக்கு இடர்ப்படும் மாணவர்க்கு ரயில் கட்டணத்தில் ஒரு பகுதியைத் தருவதே அதன் நோக்கம். சில ஆண்டுகளுக்கு முன் அந்தக் கணக்கைப் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. "புள்ளியியல் படிக்கிறவர் ஆயிற்றே, அவரிடமே கொடுத்துவிடலாம்" என்று செயற்குழு முடிவு செய்தது. நானும் சற்றுப் பெருமையோடுதான் ஏற்றுக்கொண்டேன்.

என்னிடம் இரண்டு பேரேடுகள் இருந்தன. தாளில் எழுதிய பேரேடுகள் அல்ல. கணிப்பொறியில் அட்டவணைகளாக வைத்திருந்த பேரேடுகள். ஒன்று விண்ணப்பப் பேரேடு. அதில் 61 வரிகள். ஒரு மாணவர்க்கு ஒரு வரி. மற்றொன்று வழங்கல் பேரேடு. அதில் 58 வரிகள். ஒவ்வொரு வரியிலும் உறுப்பினர் எண், தொகை, கொடுத்த நாள் ஆகிய மூன்றும் இருக்கும். விடுமுறைக்கு மூன்று நாள் முன்பு, இன்னும் எவர்க்கு உதவி போய்ச் சேரவில்லை என்று பார்க்க நினைத்தேன். எஸ்.க்யூ.எல். என்னும் வினவல் மொழியில் ஒரு கேள்வி எழுதினேன். "விண்ணப்பித்தவர்களுள் எவருடைய எண் வழங்கல் பேரேட்டில் இல்லையோ, அவர்களைக் காட்டு" என்பது அதன் பொருள்.

கணிப்பொறி உடனே விடை தந்தது. ஒரு வரிகூட இல்லை! அனைவர்க்கும் உதவி சென்று சேர்ந்துவிட்டது என்று மகிழ்ந்தேன்; செயற்குழுவிலும் அவ்வாறே அறிவித்தேன். எஞ்சிய தொகையை ஜனவரிக் கலைவிழாவின் மேடை விளக்குகளுக்கு ஒதுக்கினார்கள்.

விடுமுறையில் ஆய்வு வேலைக்காக நான் விடுதியிலேயே தங்கினேன். விடுதி உணவுக்கூடத்தை மூடிவிட்டார்கள். ஓர் இரவு, வாயிலருகே உள்ள தாபாவுக்குச் சாப்பிடப் போனேன். அங்கே நம் முதலாண்டு மாணவர் ஒருவர் தனியே அமர்ந்து ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டிசம்பர்க் குளிருக்குத் தோதான கம்பளிச் சட்டைகூட அவரிடம் இல்லை.

"ஏன் தம்பி, ஊருக்குப் போகவில்லையா?" என்றேன்.

"இல்லை அண்ணா. சங்கத்தில் விண்ணப்பம் கொடுத்திருந்தேன். பணம் தீர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கக் கூச்சமாக இருந்தது" என்றார். சற்றுப் பொறுத்து, "அக்காளுக்கு இந்த வாரம் வளைகாப்பு" என்றும் சொன்னார்.

அறைக்குத் திரும்பி வழங்கல் பேரேட்டை வரி வரியாகப் பார்த்தேன். 58 வரிகளுள் ஒன்று மாணவர்க்குத் தந்தது அன்று. அக்டோபரில் நம் இலக்கியக் கூட்டத்திற்கு வந்த சொற்பொழிவாளர் ஒருவர்க்கு அதே நிதியிலிருந்து வழிச்செலவு தந்திருந்தோம். அவர் நம் உறுப்பினர் அல்லர். ஆதலால் உறுப்பினர் எண் இருக்க வேண்டிய கட்டம் வெற்றாக இருந்தது. அந்த ஒரு வெற்றுக் கட்டம் நான்கு மாணவர்களின் பெயரை விழுங்கிவிட்டது!

மூன்றாம் விடை

இஃது எங்ஙனம் நேர்ந்தது? இதனை விளங்கிக்கொண்டால் இத்துறையின் பாதிச் சிக்கல் தீர்ந்தது எனலாம்.

தரவுகளை வரியும் பத்தியும் உள்ள அட்டவணைகளாக வைத்து, அவற்றைக் கணிதத்தின் கண முறையால் கையாளலாம் என்று 1970-ல் எழுதியவர் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் ஆங்கிலேயர். அந்தக் கருத்தின்மேல் டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் என்னும் இருவர் 1974-ல் ஒரு வினவல் மொழியை அமைத்தனர். அதுவே இன்றைய எஸ்.க்யூ.எல். இன்று வங்கியிலும் ரயில் முன்பதிவிலும் மருத்துவமனையிலும் இம்மொழியே வேலை செய்கிறது.

இதில் ஒரு கட்டம் வெற்றாக இருந்தால் அதற்கு 'நல்' என்று பெயர். தமிழ் எழுத்தில் எழுதினால் ஏதோ நல்லது போலத் தோன்றுகிறது. அது தரும் தொல்லையோ பெரிது. 'நல்' என்பது சுழி அன்று. வெற்றுச் சொல்லும் அன்று. "இங்கே என்ன மதிப்பு என்று தெரியாது" என்பதே அதன் பொருள். சட்டைப் பையில் காசு இல்லை என்பது வேறு. பையில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது என்பது வேறு அல்லவா?

தெரியாத ஒன்றோடு தெரிந்த ஒன்றை ஒப்பிட்டால் என்ன விடை வரும்? "ஏழும் தெரியாத எண்ணும் சமமா?" என்று கேட்டால் ஆம் என்றும் சொல்ல முடியாது; இல்லை என்றும் சொல்ல முடியாது. "தெரியாது" என்னும் மூன்றாம் விடைதான் வரும். எஸ்.க்யூ.எல். இந்த மூன்றாம் விடையைப் பேணுகிறது. ஆனால் வரிகளைத் தேர்ந்தெடுக்கும்போது "ஆம்" என்று விடை வரும் வரிகளை மட்டுமே காட்டும். "இல்லை" என்பதையும் "தெரியாது" என்பதையும் ஒருங்கே விலக்கிவிடும். வம்பு இங்கேதான் தொடங்குகிறது.

நான் எழுதிய கேள்வியில் 'நாட் இன்' என்னும் தொடர் இருந்தது. வழங்கல் பேரேட்டில் 3, 5, வெற்று என்று மூன்று கட்டங்கள் மட்டுமே இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏழாம் எண் மாணவர் அதில் இல்லையா என்று கேட்டால், கணிப்பொறி இவ்வாறு பார்க்கிறது: ஏழு, மூன்று அன்று, ஆம். ஏழு, ஐந்து அன்று, ஆம். ஏழு, அந்தத் தெரியாத எண் அன்று, தெரியாது. மூன்றும் ஆம் என்றால்தான் முடிவு ஆம். ஒன்று தெரியாது என்பதால் முடிவும் தெரியாது. ஆகவே ஏழாம் எண் மாணவரைக் காட்டாது. எட்டாம் எண்ணையும் காட்டாது. எவரையுமே காட்டாது! பேரேட்டில் ஒரே ஒரு வெற்றுக் கட்டம் இருந்தால் போதும். இந்தக் கேள்விக்கு என்றைக்கும் ஒரு வரிகூட விடையாக வாராது.

மருந்து எளியது. உள்ளே தேடும் பட்டியலில் 'இஸ் நாட் நல்' என்று சேர்த்து வெற்றுக் கட்டங்களை முதலிலேயே விலக்கிவிடலாம். அதனினும் நல்லது, 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' என்னும் தொடரைக் கையாள்வது. "இந்த எண்ணோடு பொருந்தும் வரி ஒன்றேனும் அங்கு உண்டா?" என்று அது பார்க்கும். வெற்றுக் கட்டம் எதனோடும் பொருந்தாது. ஆகவே எவரையும் விழுங்காது. அன்றிரவு இவ்வாறு மாற்றி எழுதியபோது நான்கு பெயர்கள் வந்து நின்றன.

வெற்றுக் கட்டத்தின் மற்ற விளையாட்டுகள்

இதே காரணத்தால் நேரும் வேறு சில பிழைகளையும் காண்போம்.

ஐந்து மாணவர்களின் மதிப்பெண் பத்தியில் 60, 70, 80 என்று மூன்றும், இரண்டு வெற்றுக் கட்டங்களும் உள்ளன. சராசரி கேட்டால் கணிப்பொறி 70 என்னும். வெற்றை விட்டுவிட்டு மூன்றால் வகுத்த விடை அது. தேர்வுக்கு வாராதவர்க்குச் சுழி என்பது உங்கள் விதியானால், 210-ஐ ஐந்தால் வகுத்து 42 என்பதே சரி. இரண்டுள் எது உண்மை? அதைக் கணிப்பொறி சொல்லாது. தேர்வு விதிதான் சொல்லும். வெற்றைச் சுழியாக மாற்றுவதும் மாற்றாதிருப்பதும் நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு.

எண்ணிக்கையிலும் இதே நிலைதான். 'கவுண்ட்' என்பதனுள் நட்சத்திரக் குறி இட்டால் வரிகளை எண்ணும், ஐந்து என்னும். பத்தியின் பெயரை இட்டால் வெற்றல்லாதவற்றை மட்டும் எண்ணும், மூன்று என்னும். "35-க்குக் குறைந்தவர் எத்தனை பேர்? 35-ம் அதற்கு மேலும் பெற்றவர் எத்தனை பேர்?" என்று தனித்தனியே கேட்டுக் கூட்டினால் ஐந்து வாராது, மூன்றுதான் வரும். மற்ற இருவரும் இரண்டு கேள்விக்கும் இடையில் விழுந்துவிட்டனர்.

வெற்றைத் தேட 'சமம் நல்' என்று எழுதுவோர் பலர். அது என்றும் பொருந்தாது. 'இஸ் நல்' என்றுதான் எழுத வேண்டும். ஆரக்கிள் மென்பொருளில் எழுத்தே இல்லாத வெற்றுச் சொல்லும் 'நல்' ஆகவே கொள்ளப்படும். மற்றவற்றில் அவ்விரண்டும் வேறு. ஒன்றில் பழகியவர் மற்றொன்றுக்கு மாறும்போது இதனை நினைவிற் கொள்ள வேண்டும்.

பைத்தான் மொழியில் பாண்டாஸ் என்னும் கருவித்தொகுதியைக் கையாள்பவர் நம்முள் மிகுதி. அங்கும் சில பொறிகள் உள்ளன. முழு எண்கள் உள்ள பத்தியில் ஒரு கட்டம் வெற்றாக இருந்தால், வழக்கமாகப் படிக்கும் முறையில் பத்தி முழுவதும் பதின்ம எண்ணாகிவிடும். 1024 என்பது 1024.0 ஆகும். பிறகு அதை எழுத்தாக மாற்றி வேறோர் அட்டவணையின் 1024-உடன் ஒப்பிட்டால் பொருந்தாது. 'குரூப்பை' கொண்டு வகை பிரித்தால், வகைப் பத்தி வெற்றாக உள்ள வரிகளை அது சொல்லாமலே விட்டுவிடும். விடாதே என்று நாம்தான் கட்டளையிட வேண்டும். இன்னொரு வேடிக்கை: எஸ்.க்யூ.எல். இணைப்பில் வெற்றும் வெற்றும் பொருந்தா. பாண்டாஸின் 'மெர்ஜ்' இணைப்பிலோ வெற்றும் வெற்றும் பொருந்திவிடும். ஒரே வேலையை இரண்டு கருவியிலும் செய்து, விடை ஏன் வேறுபடுகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் இதனை முதலில் பார்க்க வேண்டும்.

பெருகும் பணம்

வெற்றுக் கட்டம் ஆளை விழுங்கும். தவறான இணைப்போ பணத்தைப் பெருக்கும்.

ஓர் உறுப்பினர் சந்தாவை இரண்டு தவணையாக நூறு நூறு ரூபாய் கட்டினார்; மூன்று கூட்டங்களுக்கு வந்தார். சந்தாப் பேரேட்டில் இரண்டு வரி. வருகைப் பேரேட்டில் மூன்று வரி. இரண்டையும் உறுப்பினர் எண்ணால் 'ஜாயின்' செய்தால் ஒவ்வொரு சந்தா வரியும் ஒவ்வொரு வருகை வரியோடும் சேர்ந்து ஆறு வரிகளாகும். இப்போது தொகையைக் கூட்டினால் 600 ரூபாய் வரும். அவர் கட்டியதோ 200!

பலர் இதைக் கண்டதும் 'டிஸ்டிங்க்ட்' என்னும் சொல்லைத் தெளித்துச் சரிசெய்யப் பார்ப்பர். வேறுபட்ட தொகைகளை மட்டும் கூட்டு என்று சொன்னால், நூறும் நூறும் ஒன்றே ஆதலால் 100 என்று விடை வரும். முன்பு மிகுதி, இப்போது குறைவு. நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுப்பது போன்றது அது.

சரியான வழி: முதலில் ஒவ்வொரு பேரேட்டையும் தனித்தனியே உறுப்பினர்க்கு ஒரு வரி என்னும் அளவுக்குச் சுருக்க வேண்டும். சந்தாவைக் கூட்டி ஒரு வரி. வருகையை எண்ணி ஒரு வரி. அதன் பின்னரே இணைக்க வேண்டும். இணைப்பதற்கு முன்னும் பின்னும் வரிகளை எண்ணிப் பாருங்கள். பாண்டாஸில் 'வேலிடேட்' என்று கூறி, "ஒன்றுக்கு ஒன்றுதான் பொருந்த வேண்டும்" என்று முன்னரே எழுதிவிடலாம். மீறினால் வேலையை நிறுத்திப் பிழை என்று சொல்லும்.

மற்றொன்று. எல்லா உறுப்பினரையும் பட்டியலிட்டு, பொங்கல் கூட்டத்திற்கு வந்தவர்க்கு எதிரே மட்டும் குறி இட விரும்புகிறோம். அதற்காக 'லெஃப்ட் ஜாயின்' செய்கிறோம். வாராதவர் பெயரும் வரவேண்டும் என்பதற்கான இணைப்பு அது. பிறகு 'வேர்' பகுதியில் "கூட்டத்தின் பெயர் பொங்கல்" என்று நிபந்தனை இடுகிறோம். வாராதவர்க்கு அந்தக் கட்டம் வெற்று. வெற்று எதற்கும் சமமாகாது. ஆகவே அவர்கள் மறைந்துபோவர். முன்வாசல் வழியே அழைத்துப் பின்வாசல் வழியே அனுப்பிவிட்டோம்! நிபந்தனையை 'வேர்' பகுதியில் இடாமல் இணைப்பின் 'ஆன்' பகுதியில் இட்டால் அனைவரும் நிற்பர்.

எண் போன்ற எழுத்து, எழுத்து போன்ற எண்

தேர்வு எண் 0412 என்று தாளில் இருக்கும். விரிதாளில் திறந்தால் அது 412 ஆகிவிடும். முன்னிற்கும் சுழிக்கு எண் கணக்கில் மதிப்பில்லை. அடையாளக் கணக்கிலோ மதிப்பு உண்டு. கூட்டவோ பெருக்கவோ போவதில்லை என்றால் அது எண் அன்று, எழுத்து என்று கொள்ளுங்கள். மாறாக, எண்ணை எழுத்தாக வைத்தால் வரிசை கெடும்: அகரவரிசையில் 10 முன்னும் 9 பின்னும் வரும்.

நாளும் இப்படித்தான். 05/07/2024 என்றால் நமக்கு ஜூலை ஐந்து. அமெரிக்க வழக்கில் மே ஏழு. பதின்மூன்றாம் நாள் முதற்கொண்டு குழப்பமில்லை. அவ்வாறு பதின்மூன்றாம் மாதம் கிடையாதே! ஆகவே ஒரு பகுதி சரியாகவும் ஒரு பகுதி தவறாகவும் படிக்கப்பட்டு, ஒரே பத்தியில் இரண்டு வழக்கும் கலந்து கிடக்கும். ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையில் 2024-07-05 என்று எழுதி வைத்தால் எந்த நாட்டவர்க்கும் ஐயம் எழாது.

இவை சிறு பிள்ளைகளின் பிழைகள் என்று எண்ண வேண்டா. மனித மரபணுக்கள் சிலவற்றுக்குச் செப்டம்பர், மார்ச் மாதங்களின் ஆங்கிலச் சுருக்கம் போன்ற பெயர்கள் இருந்தன. விரிதாள் மென்பொருள் அவற்றை நாள்களாக மாற்றி ஆய்வுப் பட்டியல்களைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. முடிவில், 2020-ல் மரபணுப் பெயர்க் குழுவினர் மரபணுக்களின் பெயரையே மாற்ற நேர்ந்தது. அதே 2020-ன் செப்டம்பர், அக்டோபரில் இங்கிலாந்தில் 15,841 கொரோனா நோயாளிகளின் விவரம் அன்றாட எண்ணிக்கையில் சேராமல் போயிற்று. பழைய வகை விரிதாள் கோப்பு ஒன்றில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை; மிஞ்சியவை விடுபட்டன. அவர்களோடு நெருங்கிப் பழகியவர்களைத் தேடிப்பிடிக்கும் வேலையும் அதனால் தாமதமாயிற்று. ஒரு வரி என்பது ஒரு மனிதர் என்பதை நாம் மறக்கலாகாது.

நம் பெயர்களின் சிக்கல்

தமிழராகிய நமக்குத் தனியாக ஒரு சிக்கல் உண்டு. செல்வன் என்று ஒருவர். தந்தை பெயர் இராமசாமி. விடுதிப் பதிவேட்டில் ஆர். செல்வன், நூலகத்தில் செல்வன் ஆர்.; வங்கியில் செல்வன் இராமசாமி; வடநாட்டுப் படிவம் குடும்பப் பெயர் கேட்டதால் இன்னோரிடத்தில் இராமசாமி செல்வன். ஒரே மாணவர், நான்கு பெயர். ஆங்கில எழுத்தில் இலட்சுமி என்று எழுத நம் வீடுகளில் எத்தனை முறை உண்டு என்று எண்ணிப் பாருங்கள். பெயரைக் கொண்டு இரண்டு பேரேடுகளை இணைப்பவர் நிச்சயம் இடறுவார். உறுப்பினர்க்கு ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணாலேயே இணைக்க வேண்டும்.

தமிழ் எழுத்திலேயே பெயரை வைத்தாலும் ஒரு நுட்பம் உண்டு. யுனிகோடு முறையில் 'கொ' என்னும் எழுத்தை இரு வகையாகச் சேமிக்கலாம். ககரமும் ஒகரக் குறியும் சேர்ந்து இரண்டு குறியீடாகலாம். அல்லது ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்று குறியீடாகலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. குறியீட்டை மட்டும் ஒப்பிடும் கணிப்பொறிக்கு வெவ்வேறு. 'கொடி' என்னும் சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் நான்கு என்றும் சொல்லும், ஐந்து என்றும் சொல்லும். இரண்டு என்று மட்டும் சொல்லாது! ஒப்பிடும் முன் 'என்.எஃப்.சி.' என்னும் ஒழுங்குக்கு எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டால் இத்தொல்லை இல்லை. தமிழ் நூல்களைக் கணிப்பொறியில் ஆராய விரும்பும் இலக்கிய மாணவர்கள் இதனை முதற்பாடமாகக் கொள்ளலாம்.

எங்ஙனம் காத்துக்கொள்வது?

இத்தனை பிழைகளுக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. எழுத்துப்பிழை செய்தால் கணிப்பொறி சினந்து பிழைச்செய்தி காட்டும், நாம் திருத்திக்கொள்வோம். மேற்சொன்ன பிழைகளில் அது சினப்பதில்லை. அடக்கமாக ஒரு விடையை நீட்டும். அந்த விடை நாம் விரும்பிய விடையாகவும் இருந்துவிட்டால், மேலும் பார்க்க நமக்கு மனமிருப்பதில்லை. அன்று நான் விரும்பியது சுழி, வந்ததும் சுழி. அதனால்தான் ஏமாந்தேன்.

இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் தமிழிலோ ஆங்கிலத்திலோ சொன்னால் வினவலை நொடியில் எழுதித் தந்துவிடுகிறது. நானும் அதனைப் பயன்படுத்துகிறேன். ஆனால் வழங்கல் பேரேட்டில் சொற்பொழிவாளர் ஒருவர் ஒளிந்திருப்பதை நாம் சொன்னாலன்றி அது அறியாது. பேரேட்டை அறிந்தவர் நாம்தான்.

ஆகையால் நான் இப்போது கடைப்பிடிக்கும் நான்கு பழக்கங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, கேள்வியை எழுதுமுன் விடை ஏறக்குறைய எவ்வளவு இருக்கும் என்று தாளில் குறித்து வைப்பது. வந்த விடை அதனோடு ஒவ்வாவிடில் காரணம் தேடுவது.

இரண்டாவது, ஒவ்வொரு பத்தியிலும் எத்தனை வெற்றுக் கட்டங்கள் என்று முதலிலேயே எண்ணுவது. ஏன் வெற்று என்று பேரேடு எழுதியவரையே கேட்பது.

மூன்றாவது, பத்து வரி உள்ள சிறு பேரேடு ஒன்றைக் கையால் அமைத்து, அதில் ஒரு வெற்றும் ஓர் இரட்டைப் பதிவும் வேண்டுமென்றே இட்டு, கையால் கண்ட விடையும் கணிப்பொறி விடையும் ஒத்துவருகின்றனவா என்று பார்ப்பது.

நான்காவது, எல்லாவற்றினும் எளியது: கூட்டிப் பார்ப்பது. பெற்றவரும் பெறாதவரும் சேர்ந்தால் விண்ணப்பித்தவர் ஆக வேண்டும். அன்று பேரேட்டில் 58 வரி, பெறாதவர் சுழி, விண்ணப்பம் 61. ஐம்பத்தெட்டும் சுழியும் அறுபத்தொன்று ஆகாது என்பதை மூன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படித்த நான் கூட்டிப் பார்க்கவில்லை.

விடுமுறை முடிந்ததும் செயற்குழுவில் நடந்ததை முழுவதும் சொன்னேன். நால்வர்க்கும் அந்தத் தொகையைக் கொடுத்தோம். மூவர் கடன் வாங்கிக்கொண்டு ஊர் சென்று வந்திருந்தனர், கடனை அடைத்தனர். அந்த முதலாண்டுத் தம்பி கோடை விடுமுறைக்குப் பயணச்சீட்டு எடுத்துக்கொண்டார். அவர் போய்ச் சேரும்போது குழந்தை பிறந்திருந்தது. மருமகளின் படத்தை எனக்கும் அனுப்பினார். ஆயினும் வளைகாப்பு முடிந்தது முடிந்ததே. அதை எந்த வினவலும் திருப்பித் தாராது.

இந்த ஆண்டும் டிசம்பர் வரும். நிதிக் கணக்கு உங்களுள் ஒருவர் கைக்கு வரும். அந்தத் தம்பியோ தங்கையோ இக்கட்டுரையில் வேறெதனை மறந்தாலும் ஒன்றை மறக்க வேண்டா. பெறாதவர் எவருமில்லை என்று கணிப்பொறி சொன்னால், உடனே மகிழாதீர்கள். இரண்டு பேரேட்டையும் கூட்டிப் பாருங்கள், பிறகு விடுதிக்குள் ஒரு நடை போய், "ஊருக்கு எப்போது கிளம்புகிறீர்கள்?" என்று நான்கு பேரைக் கேளுங்கள்.